ஒரு நாளுக்கு ஓரிடம்: களுபோவிலையிலிருந்து உடவளவைக்கு

களுபோவிலைக்காரருக்குச் சிங்கம் பழகிய விலங்கு. விடியப்புறத்தில், ஆஸ்பத்திரி வீதியில் பஸ் இரைச்சல் தொடங்குமுன், காற்றுத் தோதாக வீசினால் தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலிருந்து அதன் கர்ச்சனை எங்கள் ஒழுங்கைவரை வரும். புதிதாக வாடகைக்கு வருகிறவர்கள் முதல் கிழமை திடுக்கிட்டு எழும்புவார்கள். பிறகு பாங்கொலியும் பிரித் ஓசையும் போல அதுவும் காலைச் சத்தங்களில் ஒன்றாகிவிடும். இந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகள் சிங்கத்தைப் பார்க்குமுன்பே அதன் குரலைக் கேட்டுவிடுகிறார்கள்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் எட்டாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தை, களுபோவிலை, தெஹிவளைப் பிள்ளைகள் நடந்தோ வானிலோ வருவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர்கள் விடிய ஐந்தரைக்கே வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள், மலையகத்திலிருந்து வேலைக்காக இறங்கி வந்த குடும்பங்கள், மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வருடாந்தச் சுற்றுலாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய நாளில் அவர்களிடம், யானை பார்த்தவர்கள் யார் யாரென்று கேட்டேன். எல்லாக் கையும் எழும்பியது.

"எங்க பார்த்தீங்கள்?"

"ஸூவில மிஸ்!" "பின்னவலையில!" "கங்காராமைப் பெரஹராவில மிஸ், லைட் எல்லாம் போட்டு!"

"ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகாமல், தன்ர பாட்டில நடந்து போற யானையை?"

கைகள் எல்லாம் இறங்கின. பின் வாங்கில் ஒரு கை மட்டும் பாதியில் நின்றது. அந்தப் பையனுடைய தாயின் ஊர் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். அவன் அன்றைக்கு ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. அவன் சொன்னது பிறகு உடவளவையில்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் எங்கள் அயலிலிருக்கும் மிருகக்காட்சிசாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் விலங்கைப் பார்க்கும் பார்வை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதை உருவாக்கியவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரர். விலங்கு வியாபாரி. ஆசிய நாடுகளில் பிடிக்கும் விலங்குகளை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுமுன் வைத்திருக்க அவருக்கு ஓரிடம் தேவைப்பட்டது. அப்படி வந்த இடம்தான் தெஹிவளை. கம்பெனி நொடித்துப்போக, 1936இல் அன்றைய இலங்கை அரசு அதைப் பொறுப்பேற்றது. இன்றைக்குத் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் தலைமையிடம் அதுவே.

ஜோனின் அண்ணன் முறையான கார்ல் ஹாகன்பெக் ஹம்பர்க் நகரில் இன்னும் பெரிய வியாபாரி. 1907இல் கம்பிக்கூடு இல்லாமல், அகழியை மட்டும் இடையில் வைத்து, விலங்குகள் திறந்தவெளியில் நிற்பதுபோலக் காட்டிய முதல் மிருகக்காட்சிசாலையைக் கட்டியவர். உலகத்தின் பெரிய மிருகக்காட்சிசாலைகள் பலவும் அவர் வழியில் போயின. அதே மனிதர்தான் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதர்களையும் சேர்த்துக் கொண்டுபோய், ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்டினார். ஆட்டக்காரர், மேளக்காரர், யானைப்பாகர், பெண்கள், குழந்தைகள் எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இந்தப் பக்கம் நின்று சனங்கள் பார்த்தார்கள். இதை நான் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் வகுப்பு அடங்கிவிடும். பிடித்து வைத்துக் காட்டுவது என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

தெஹிவளைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜீப் பிடிக்கவும் விடுதியில் தங்கவும் வசதியில்லாத குடும்பங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டித்தரக்கூடிய ஒரே இடம் அது. கச்சான் சுருளும் கையுமாக அப்பாவின் தோளில் இருந்து பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் இலங்கையில் ஒரு காட்டு யானை நடமாட ஐம்பது முதல் நூற்றைம்பது சதுர கிலோமீற்றர் வரை நிலம் வேண்டும். வீடுகளுக்கும் வீதிகளுக்கும் நடுவிலுள்ள ஒரு வளவுக்குள் அந்த நடையைக் காட்ட எவராலும் முடியாது. யானையின் உருவத்தை அங்கே பார்க்கலாம். அது எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்க வேறெங்காவது போக வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு அந்த வேறிடம் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் கொழும்பில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் அநேகமாகத் தெஹிவளைதான். பின்னேரம் யானைகள் வரிசையாக வந்து ஆடும். ஒன்றன் முதுகில் ஒன்று முன்னங்காலை வைத்து நிற்கும். முழங்காலிட்டு வணங்கும். கைதட்டிவிட்டு இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவோம். தூர இடம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். சோதனைச்சாவடி, அடையாள அட்டை, தமிழில் சத்தமாகக் கதைக்கக்கூடாது என்ற எச்சரிக்கை, இவ்வளவையும் தாண்டிப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

காடுகளுக்கும் அப்போது சமாதானம் இல்லை. வில்பத்து தேசியப் பூங்கா 1988இல் மூடப்பட்டு 2003வரை திறக்கவே இல்லை. திறந்து மூன்று வருடம் போக, 2006 மே மாதத்தில் அங்கே கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கியது. இறந்தவர்களில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்போராளியும் வில்பத்துக் காட்டுக்கூடாகச் சேர்ந்து நடந்து வருவதைத்தான் அவர் தமது முதல் நாவலில் எழுதியிருந்தார். அந்தக் காட்டிலேயே அவர் உயிர் போனது. பூங்காவை மறுபடி மூடினார்கள். 2010இல்தான் திறந்தார்கள்.

தெஹிவளையும் தப்பவில்லை. 2008 பெப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை காலையில் மிருகக்காட்சிசாலைக்குள்ளேயே குண்டு வெடித்துச் சனங்கள் காயப்பட்டார்கள். அதே நாள் கோட்டை ரயில் நிலையத்தில் நடந்த குண்டுவெடிப்பில், விளையாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடு பார்க்கப் போவதற்குக்கூடப் பயந்த காலம் அது. இன்றைக்கு என் வகுப்பிலிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு நாடு முழுக்கத் திறந்திருக்கிறது. அந்தத் திறந்த நாட்டில் நாங்கள் அவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பதில்தான் எனக்கு மனக்குறை.

பெரும்பாலான பாடசாலைகளில் சுற்றுலா என்றால் இப்படித்தான் நடக்கும். விடிய இரண்டு மணிக்குப் பாடசாலை வாசலில் பஸ். ஒரே நாளில் ஐந்தாறு இடம்: ஒரு விகாரை, ஒரு கோட்டை, ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு கடற்கரை, நடுவில் எங்கேயோ அரை மணித்தியாலம் யானை. பஸ்ஸில் வழிநெடுகப் பைலா. பிள்ளைகள் ஓரிடத்தில் இறங்கிச் செல்ஃபி எடுத்துவிட்டு ஏறுமுன் அடுத்த இடத்துக்கு நேரம் பிந்திவிடும். இரவு பதினொன்று, பன்னிரண்டுக்கு வீடு. சாரதி இருபது மணித்தியாலமாக நித்திரையில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

2023 ஜனவரியில் நானுஓயாவுக்குக் கிட்ட ரதல்லையில் நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்புப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளை ஏற்றி வந்த சுற்றுலா பஸ், அந்தச் செங்குத்தான இறக்கத்தில் ஒரு வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். வானில் வந்த குடும்பம் ஹட்டன் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்தச் செய்தி வந்த இரவில் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் எழுத வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் ஆறு இடப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால் இந்த முறை நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளுக்கு ஓரிடம். உடவளவை. வேறொன்றுமில்லை. விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவோம், பின்னேரம் இரண்டு மணிக்குத் திரும்புவோம், இருட்டுமுன் இரத்தினபுரியைத் தாண்டிவிடுவோம். "அவ்வளவு தூரம் போய் ஒரே இடமா மிஸ்?" என்று பிள்ளைகளும் கேட்டார்கள், பெற்றோரும் கேட்டார்கள். எங்கள் உப அதிபர் சேர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பஸ் காசும் மிச்சம், பயமும் மிச்சம்" என்று கையெழுத்து வைத்தார்.

ஏன் உடவளவை? யாலவில் சிறுத்தை இருக்கிறது, பெயரும் பெரிது. ஆனால் ஒரு சிறுத்தை தென்பட்டதென்று தகவல் வந்தால் ஜீப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அங்கே திரளும். இதைப் பற்றிப் பல வருடமாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த நெரிசலில் பிள்ளை பார்க்கப்போவது முன் ஜீப்பின் பின்பக்கத்தைத்தான். உடவளவை புல்வெளி. பார்வைக்குத் தடையில்லை. வருடம் முழுக்க யானை நிற்கும். அதோடு, பூங்காவுக்குப் பக்கத்திலேயே யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. எனக்கு முக்கியம் அதுதான்.

பஸ்ஸில் போன கதையை நீட்டவில்லை. அவிசாவளையில் இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள். இரத்தினபுரியில் பிளேன்டீயும் மாலு பணிஸும். பெல்மதுளையில் திரும்பியபின் காற்று மாறிவிட்டது. ஈரமலையை விட்டு இறங்கி வரட்சி வலயத்துக்குள் போவதை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தோலில் உணரலாம். இறப்பர் மரம் குறைந்து, வெயில் வெள்ளையாகி, எம்பிலிப்பிட்டிய வர வயல். பூகோளப் பாடத்தில் வரைபடத்தில் நிறம் தீட்டிப் படித்த அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று மைக்கில் சொன்னேன். நித்திரையிலிருந்தவர்களும் எழும்பிப் பார்த்தார்கள்.

பூங்கா வாசலில் ஜீப் மாற வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு டிக்கெட் பெரிய காசில்லை. ஜீப் வாடகைதான் வலிக்கும். உள்ளே போகுமுன் அந்த நிலத்தின் கதையைச் சொன்னேன். அறுபதுகளில் வளவை கங்கையை மறித்து அணை கட்டினார்கள். நீர் ஏறிய காட்டிலிருந்து விலங்குகள் ஒதுங்க இடம் வேண்டுமென்று 1972 ஜூன் 30இல் இதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 30,821 ஹெக்டெயர். அதற்காக உள்ளே சேனைப் பயிர் செய்துகொண்டிருந்த சனங்களை வெளியே அனுப்பினார்கள். ஆகவே இது ஆதியிலிருந்தே மனிதர் கால்படாத காடில்லை. அணையும், விவசாயமும், மின்சாரமும் வேண்டுமென்று மனிதர் எடுத்த ஒரு முடிவின் மறுபக்கம். நீர்த்தேக்கத்துக்குள் இன்னும் பட்டமரங்கள் நிற்கின்றன. அன்றைக்கு மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. இப்போது நீர்க்காகங்கள் அதில் சிறகு உலர்த்துகின்றன.

ஜீப் சாரதிகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம்: யானையைத் துரத்தாமல் ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஜீப்புக்கு வந்த வழிகாட்டிக்கு அது நல்ல சந்தோசம். சிங்களத்தில் அவர் சொல்வதைக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் ஒரே வாய்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்த இருபது நிமிடம் கஷ்டம். போனைத் தேடின கைகள், பிஸ்கட் பைக்குள் போன கைகள். பிறகு ஒருத்தன் மயில் ஆடுவதைக் கண்டான். இன்னொருத்தி கம்பியில் பச்சையாக உட்கார்ந்திருந்த பஞ்சுருட்டான் குருவிகளை எண்ணத் தொடங்கினாள். எருமை முதுகில் கொக்கு. மஞ்சள் மூக்கு நாரைகள் சேற்றில். பார்க்கும் பழக்கம் கண்ணுக்குத் திரும்ப அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. ஆறு இடத்துக்கு ஓடுகிற சுற்றுலாவில் அந்த இருபது நிமிடம் ஒருநாளும் கிடைக்காது.

பிறகு புல்லுக்குள்ளிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெரிய பெண்யானை முன்னால், அதற்குப் பின்னால் இரண்டு, மூன்று பெண்கள், கால்களுக்கு இடையில் குட்டிகள். வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்: குடும்பத்தை நடத்துவது பெண்கள்தான், ஆண் வளர்ந்ததும் தனியே போய்விடும், இலங்கையில் ஆண்யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. பெண்யானை தும்பிக்கையால் புல்லுக் கற்றையைச் சுற்றி, முன்னங்கால் நகத்தால் அடியைச் சீவி, மண் போக முழங்காலில் தட்டிவிட்டுத்தான் வாயில் வைத்தது. ஒவ்வொரு கற்றையும் அப்படி. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்குமேல் தின்ன வேண்டிய விலங்கு, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகக் கழுவாத குறையாகச் சுத்தம் செய்து சாப்பிடுகிறது. ஜீப்பில் ஒருவரும் கதைக்கவில்லை.

அப்போதுதான் அந்த மட்டக்களப்புப் பையனைப் பார்த்தேன். மற்றவர்கள் எழும்பி நின்றிருக்க அவன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கை இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பயமா தம்பி?"

"பயமில்ல மிஸ்." கொஞ்சம் பொறுத்து, "எங்கட மாமாட வயல் ஒரே ராவில போயித்து. அறுக்க ரெண்டு கிழமதான் இருந்தது. யானை வந்தா ஊரெல்லாம் வெடில் கொளுத்துவாங்க. மாமா பரணில இருந்து அழுதாரு. நான் அதத்தான் பார்த்த."

அந்த ஜீப்பில் இருந்தவர்களுக்கு அதுவரை யானை என்றால் வடிவு. பக்கத்திலிருந்தவள், "அப்ப யானையைச் சுடுவாங்களா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை.

2011இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. அதே வருடம் யானை தாக்கி இறந்த மனிதர்கள் 150க்கும் மேல். துவக்குச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, ரயில். இவை எல்லாவற்றிலும் கொடுமை 'ஹக்க பட்டாஸ்'. பூசணிக்காய்க்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்து வைப்பார்கள். கடித்ததும் தாடை சிதறும். பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைப்பது, சிக்குவது யானைக்குட்டி. வாய் கிழிந்த குட்டி பசியோடு நாட்கணக்கில் அலைந்து சாகும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ஒரே ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததைப் பிள்ளைகள் செய்தியில் பார்த்திருந்தார்கள்.

யானைகளை எல்லாம் பூங்காவுக்குள் துரத்திவிட்டு வேலி போட்டால் என்ன? இந்தக் கேள்வியை அந்தப் பையனே கேட்டான். நாட்டில் பலர் கேட்கும் கேள்வி. பல பத்து வருடமாக அரசுகள் செய்து பார்த்ததும் அதுதான். யானை ஆராய்ச்சியாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் வேலை செய்தவர்களும் நாடு முழுக்கச் செய்த ஆய்வை 2019இல் வெளியிட்டார்கள். நாட்டின் நிலத்தில் அறுபது வீதத்தில் யானை நடமாடுகிறது; அப்படி யானை நடமாடும் நிலத்தில் எழுபது வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். துரத்திக் கொண்டுபோய்ப் பூங்காவுக்குள் அடைத்த கூட்டம் தீனியில்லாமல் மெலிந்து, குட்டிகள் சாகும். ஆண்யானை வேலியை உடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பும். வேலியைக் காட்டின் எல்லையில் போடுவதைவிட ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு, அதை ஊரவர்களே பராமரித்தால் நல்ல பலன் தெரிகிறது என்பது அவர்கள் பக்கத்து வாதம். அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட்டால் யானை வந்து வைக்கோலையும் மிச்சத்தையும் தின்னும். அடுத்த போகத்துக்கு மறுபடி கட்டலாம். "இத மாமாட்ட சொல்லலாமா மிஸ்?" என்றான். சொல்லலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை. அவருக்கு மின்வேலியின் விலையும் தெரியும், பழுதானால் திருத்த ஆள் வருமா வராதா என்பதும் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு இடைத்தங்கல் நிலையத்தில் இருந்தோம். வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கியது. கிணற்றில் விழுந்தவை, கண்ணியில் சிக்கியவை, தாயைச் சுட்டுக் கொன்றதால் தனித்தவை என்று நாட்டின் பல பக்கத்திலிருந்தும் குட்டிகள் இங்கே வந்து சேரும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவை பால். நாங்கள் தூரத்தில் மேடையில் நின்றுதான் பார்க்கலாம். தொட முடியாது, போத்தலால் பால் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று படம் எடுக்க முடியாது.

கதவு திறந்ததும் குட்டிகள் சிறு சிறு கூட்டமாக ஓடி வந்தன. புனலில் ஊற்றும் பால் குழாய் வழியே நேரே வாய்க்குள் போகிறது. குடித்து முடித்த குட்டி இன்னொரு தடவை கேட்டு வரிசையில் இடித்துக்கொண்டு நிற்க, ஊழியர் ஒருவர் அதைத் தள்ளி அனுப்பினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு குட்டி மட்டும் நொண்டி நொண்டிக் கடைசியாக வந்தது. கண்ணி வெட்டிய கால். சிரிப்பு நின்றது.

"ஏன் மிஸ் தொட விடுகினமில்லை? பின்னவலையில விட்டவை."

இதைவிட நல்ல கேள்வி அன்றைக்கு வரவில்லை. பின்னவலை 1975இல் அநாதைக் குட்டிகளுக்காகவே தொடங்கப்பட்டது. சில வருடத்தில் விலங்கியல் பூங்காத் திணைக்களத்திடம் போனது. 1984இலிருந்து அங்கேயே குட்டிகள் பிறக்கின்றன. 2021இல் இரட்டைக் குட்டிகூடப் பிறந்தது. கண்ணிவெடியில் கால் போன சாமா என்ற யானை அங்கேதான் வளர்ந்தாள். யானைகள் மகா ஓயாவில் குளிப்பதைப் பார்க்க உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் பின்னவலைக்கு வந்த யானை காட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. மனிதர் கை பழகிவிட்டது. உடவளவையில் குட்டிக்கு அந்தப் பழக்கம் வந்துவிடக்கூடாதென்று பார்த்துக்கொள்கிறார்கள். ஐந்து வயதளவில் கூட்டாளிகளோடு சேர்த்துக் காட்டில் விடுவார்கள். 1998இலிருந்து இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை காட்டுக்குப் போய்விட்டன. அவற்றில் சில பெண்கள் காட்டிலேயே குட்டி ஈன்றிருக்கின்றன. காலையில் புல்லைத் தட்டித் தின்ற கூட்டத்தில்கூட இங்கே குழாயில் பால் குடித்து வளர்ந்த ஒன்று இருக்கலாம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார்.

நாங்கள் தொடாமல் நிற்பதும் அந்தக் குட்டிக்குச் செய்கிற உதவி. இதை நான் வகுப்பறையில் சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்காது. நொண்டிக் குட்டி நாற்பது அடி தூரத்தில் நிற்க, ஓடிப்போய்த் தடவ வேண்டுமென்று கை துடிக்க, அடக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு அது விளங்கியது.

திரும்பும்போது அணைக்கட்டு வீதியோரம் பழக்கடைகள். மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானை நிற்க, இந்தப் பக்கம் வாகனங்களை நிறுத்திச் சனங்கள் வாழைப்பழமும் கரும்பும் எறிவது அங்கே பல வருடமாக நடப்பது. ராம்போ என்று பெயர் வைத்த ஓர் ஆண்யானை அந்த இடத்தில் நின்று நின்றே பிரபலமானது. அப்படிக் கொடுப்பது சட்டப்படி தடை. வாழைப்பழத்தின் ருசி கண்ட யானை வீதியை நம்பி நிற்கும். அதைப் பார்த்து மற்றதும் வரும். ஒருநாள் வேலியை உடைத்துக்கொண்டு வாகனத்துக்குள்ளோ கடைக்குள்ளோ தும்பிக்கையை விடும். அன்றைக்கு அதைக் குழப்படி யானை என்று சொல்வார்கள். பஸ் சாரதி அண்ணை நல்ல மனதோடு, "நிப்பாட்டவா மிஸ், பிள்ளைகள் பழம் குடுக்கட்டும்" என்றார். நான் வாய் திறக்குமுன் பின்சீட்டிலிருந்து, "வேணாம் அண்ணே, போங்க!" என்று கத்தியது யாரென்று சொல்லத் தேவையில்லை. அவனோடு சேர்ந்து நாலைந்து குரல்.

எட்டரைக்குக் களுபோவிலைச் சந்தியில் இறங்கினோம். காத்திருந்த தாய்மாரில் ஒருவர், "நேரத்தோட வந்திட்டீங்கள் டீச்சர், நான் இன்னும் சமைக்கவே இல்லை" என்றார். ஒரு சுற்றுலாவைப் பற்றி ஆசிரியருக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது.

அடுத்த கிழமை, பார்த்ததை எழுதித் தரச் சொன்னேன். யானையின் உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு என்று இணையத்திலிருந்து எடுத்து எழுதியவர்கள் மிகக் குறைவு. முழங்காலில் புல்லைத் தட்டியதைக் கிட்டத்தட்ட எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை, தன் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் சிறுத்தை கண்ணியில் மாட்டிய கதையை எழுதி, அந்தத் தேயிலைத் தோட்டத்தையும் காடு என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தாள். படுவான்கரைப் பையன் ஒரு வயலை வரைந்து, வேலி எங்கே வர வேண்டுமென்று கோடு போட்டிருந்தான். மாமாவுக்கு அனுப்ப ஒரு பிரதியும் கேட்டான். இரண்டையும் பாடத்துக்குள் எடுத்துக்கொண்டோம். ஒரு தவணை முழுக்க அதிலேயே ஓடியது.

இந்தப் பதிவைப் படிக்கும் ஆசிரியர்களுக்குச் சில விசயம் சொல்லி முடிக்கிறேன். ஜீப்புகளை ஒரு மாதம் முன்னதாகவே பேசி வையுங்கள். பாடசாலை என்று சொன்னால் விலையில் விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். லஞ்ச் ஷீட் வேண்டாம், சோற்றை டப்பாவில் கட்டித்தரச் சொல்லுங்கள். பொலித்தீனை மானும் தின்னும், யானையும் தின்னும். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளையை ஒவ்வொரு ஜீப்பிலும் ஒருவராக ஏற்றுங்கள். எஞ்சினை நிறுத்துவதைச் சாரதியிடம் ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள், உள்ளே போனபின் அல்ல. எங்கள் அடுத்த வருடத்துப் பிள்ளைகளை ஓகஸ்ட் விடுமுறையில் மின்னேரியாவுக்குக் கொண்டுபோக யோசிக்கிறோம். வரட்சியில் குளம் வற்ற, கரையில் முளைக்கும் புல்லுக்காக நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும் இடம். தூரம் கூடுதலாகையால் ஓர் இரவு தங்க வேண்டும். ஹபரணை, பொலன்னறுவைப் பக்கத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குப் பாயும் சமையலறையும் தரக்கூடிய பாடசாலையோ கோயில் மடமோ தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.